சேவல் வெளிப்பக்கம்

1931 டிசம்பர் 6, ஞாயிறு

சிட்டு, உன் நோட்டில் நாலு தாள்தான் நீ எழுதியிருக்கிறாய். ஐந்தாம் தாளில் அம்மா எழுதுகிறேன். கோபித்துக்கொள்ளாதே. என் படிப்பு ஊரிலேயே ரெண்டாம் வகுப்போடு நின்றுவிட்டது. பிழை இருந்தால் நீ வந்து திருத்து என்று எழுதப் போகிறது கை. பார்.

நீ போய் இன்றோடு பன்னிரண்டு நாள். மூன்றாம் நாள் குழிமேட்டில் பால் தெளித்துவிட்டு வந்த கையோடு, உன் பாவாடை, சட்டை, பாய் எல்லாவற்றையும் மூட்டை கட்டி அப்பா ஆற்றில் விட்டார். தோட்டத்து லயத்தில் அடுத்த வீட்டு வெள்ளையம்மா அக்காதான் சொன்னாள். "புள்ள சாமான் ஒண்ணு வீட்டுல இருந்தாலும் அது மனசு வாசலையே சுத்தும் கிருஷ்ணம்மா. போக விடு."

நான் ரெண்டு சாமான் ஒளித்துவிட்டேன். ஒன்று இந்த நோட்டு. இன்னொன்று தைத்து முடிக்காத உன் பள்ளிக்கூடப் பை. அரிசி டின்னுக்குப் பின்னால் இருக்கிறது. அப்பாவுக்குத் தெரியாது.

சுத்தட்டுமே. நம் வாசல்தானே.

டிசம்பர் 8, செவ்வாய்

எனக்கு வேலை இல்லை. ரப்பர் விலை விழுந்ததில் பொம்பளை ஆட்களைப் பாதிக்கு மேல் நிறுத்திவிட்டார்கள். அப்பா மட்டும் பால்வெட்டுக்குப் போகிறார். பகல் முழுக்க நானும் அந்தப் பையும்.

எடுத்துப் பார்த்தேன். ரெங்கம் டவுன் ரொட்டிக்கடையில் கேட்டு வாங்கி வந்தோமே, அந்த மாவுச் சாக்கு. வாயைத் தைத்திருந்த நூலை நீதான் பிரித்தாய். சரியான முனையைப் பிடித்து இழுத்தால் சர்ரென்று முழுசும் கழன்று வரும், தப்பான முனை என்றால் முடிச்சு விழும். உனக்கு எப்படித்தான் தெரிந்ததோ அந்த முனை. அந்த நூலிலேயேதான் தைத்தேன்.

சாக்கில் சிவப்புச் சேவல். மூன்று தரம் சாம்பல் தண்ணீரில் அவித்தும் போகவில்லை. உனக்குச் சந்தோஷம். "சேவல வெளிய வச்சுத் தைம்மா." நான்தான் உள்ளே வைத்துத் தைத்தேன். மாவுச் சாக்கைப் பையாக்கி அனுப்பியிருக்கிறாள் என்று ஆபீசில் கணக்கெழுதுகிற கிராணி வீட்டுப் பிள்ளைகள் சிரிப்பார்கள் என்று.

நீ பையை ஒரு பார்வை பார்த்தாய். "இது என் பை இல்ல."

அடித்தேன். ஒரு அடிதான். பையைத் தூக்கி விறகுப் பரண் மேல் போட்டேன். கிடக்கட்டும், திமிர் அடங்கட்டும் என்று. ஒன்பது நாள் கிடந்தது.

டிசம்பர் 9, புதன்

ஒரு அடிதானா? ரெண்டு.

டிசம்பர் 13, ஞாயிறு

அப்பா மாரியம்மன் கோயில் கொட்டகைக்குப் போனதும் நான் ரெங்கத்துக்கு நடந்தேன். பைக்கு மூடி வைத்தால் பொத்தான் வேண்டும். பழைய துணி விற்கிற சீனத்தி அப்படியே உட்கார்ந்திருந்தாள், கோட்டும் கால்சட்டையும் குவித்துக்கொண்டு. என்னைப் பார்த்ததும் எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். "மானா புடாக்?" பிள்ளை எங்கே என்கிறாள்.

எனக்குத் தெரிந்த மலாயில் செத்துப்போச்சு என்று சொல்ல ஒரு வார்த்தை இருக்கிறது. வாயில் வரவில்லை. "ஆடா ரூமா," என்றேன். வீட்டில் இருக்கிறாள் என்று.

அவள் சிரித்தாள். ஒரு கிழிந்த கோட்டைத் தேடி எடுத்து அந்தப் பச்சைப் பொத்தானைப் பல்லால் கடித்து அறுத்தாள். நீ போகிறபோதெல்லாம் விரலால் தேய்த்துப் பார்ப்பாயே, அதுதான். காசு வாங்கவில்லை. அவளுக்குக் கொடு என்று கையில் அழுத்தினாள்.

திரும்பி வரும் வழி பூரா அந்தப் பொத்தான் என் கைக்குள் சூடாகிவிட்டது.

பொய்தான் சொன்னேன். ஆனால் சொன்ன அந்த நிமிஷம் நீ வீட்டில் இருந்தாய் சிட்டு.

டிசம்பர் 17, வியாழன்

காலையிலிருந்து மழை.

எழுதாமல் தள்ளி வைத்ததை எழுதுகிறேன். அன்றைக்கும் இப்படித்தான் கொட்டியது. பள்ளிக்கூடக் கொட்டகையிலிருந்து நீ வந்தாய். மழைக்குத் தலையில் மாட்டி அனுப்பிய சாக்கு தலையில் இல்லை. அதைச் சிலேட்டுக்கும் நோட்டுக்கும் சுற்றி நெஞ்சோடு கட்டிக்கொண்டிருந்தாய். பை இல்லையே. உதடு நீலம். "நோட்டு நனையலம்மா," என்றாய்.

நான் நோட்டைத்தான் வாங்கிப் புரட்டிப் பார்த்தேன்.

அன்று ராத்திரியே காய்ச்சல். எட்டு நாள். ஆஸ்பத்திரி டிரஸர் சொல்கிறார், "இது மலேரியாம்மா. கொசு. மழை என்ன பண்ணும்? உன்னையே போட்டு வதைச்சுக்காத." படித்தவர். அவருக்குத் தெரியும். ஆனால் அவர் வீட்டுப் பரணிலா பை கிடந்தது?

நோட்டு நிஜமாகவே நனையவில்லை. அந்தத் தாளில்தான் இதை எழுதுகிறேன்.

டிசம்பர் 20, ஞாயிறு

சேவலை வெளியே கொண்டுவரப் பையை அப்படியே புரட்டினால் போதும் என்று நீ சொன்னாய். புரட்டினால் தையல் மடிப்பெல்லாம் பிசிறாக வெளியே தெரியும் சிட்டு. முழுசும் பிரித்துத் திரும்பத் தைக்கணும். சவரக் கத்தியால் ஒவ்வொரு தையலாக அறுத்துக்கொண்டிருந்தேன். அப்பா சீக்கிரம் வந்துவிட்டார்.

வாசலில் நின்றபடியே பார்த்தார். "அது என்னா?"

நான் மடியில் மூடினேன்.

"எல்லாத்தயும் மூட்டயில வச்சாச்சுன்னு சொன்னேல்ல? குடு."

"மாட்டேன்."

"குடு கிருஷ்ணம்மா. புள்ளய நிம்மதியா போக விட மாட்டியா?"

"போகட்டும். பைய எடுத்துக்கிட்டுப் போகட்டும். தச்சு முடிச்சாத்தானே எடுத்துக்கிட்டுப் போவா?"

அப்போது சொல்லிவிட்டார். "அன்னிக்கே தச்சு முடிச்சிருந்தா புள்ள நனைஞ்சிருக்குமாடி?"

இத்தனை நாள் அந்த ஒரு வார்த்தைக்குத்தான் பயந்து கிடந்தேன். வந்துவிட்டது. விழுந்தது. நான் அழவில்லை. அவர்தான் படியில் போய் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டார். வெள்ளையம்மா அக்கா ஓடி வந்து, "ஐயாசாமி, என்னாப்பா இது," என்று கையைப் பிடித்தாள்.

பையை அவர் பிடுங்கவில்லை.

டிசம்பர் 21, திங்கள்

சோறு வைத்தேன். தின்றார்.

டிசம்பர் 27, ஞாயிறு

சேவலை வெளியே வைத்துத் தைக்கிறேன். நூல் இற்றுவிட்டது, என் பழைய சேலைத் தலைப்பில் இழை உருவி முறுக்கிக்கொள்கிறேன். தோளில் மாட்டுகிற வாருக்கு அந்தச் சேலையின் கரையே.

மத்தியானம் அப்பா தன் கிழிந்த காக்கிக் கால்சட்டையை என் முன்னால் போட்டார். ஒரு வாரத்துக்கு அப்புறம் முதல் பேச்சு. "அடியில கெட்டித் துணி வையி. வெறும் மாவுச் சாக்கு தாங்காது."

எதைத் தாங்கப் போகிறது என்று நான் கேட்கவில்லை.

1932 ஜனவரி 3, ஞாயிறு

முடிந்தது. பச்சைப் பொத்தானும் வைத்தாயிற்று. சேவலின் ஒரு கால் கொஞ்சம் மடிப்புக்குள் போய்விட்டது, நொண்டிச் சேவல் மாதிரி நிற்கிறது. நீ பார்த்தால் சிரிப்பாய்.

முடிந்ததும் என்ன செய்வது என்று தெரியவில்லை. முடிக்கிறவரை உனக்கு ஒரு வேலை செய்துகொண்டிருந்தேன். இனி உனக்குச் செய்ய ஒன்றும் இல்லை.

ஆற்றில் விடத்தான் வேண்டும் என்று நானே நினைத்துவிட்டேன். அப்பாவிடம் நீட்டினேன். வாங்கினார். மேலும் கீழும் பார்த்தார். தோளில் மாட்டிப் பார்த்தார். அக்குளில் வந்து நின்றது.

"வார நீட்டு," என்றார்.

இன்னொரு முழம் கரை வைத்துத் தைத்தேன்.

ஜனவரி 4, திங்கள்

விடியலில் சோற்று டப்பாவையும் வெற்றிலையையும் அதில் போட்டு, மாட்டிக்கொண்டு பெரட்டுக்குப் போனார். சேவல் வெளியே.

ஆள் கணக்கெடுக்கிற இடத்தில் நடந்ததை வெள்ளையம்மா அக்கா வந்து சொன்னாள். லெட்சுமணன்தான் ஆரம்பித்தானாம். "என்னாண்ணே, மாவு மூட்டயத் தூக்கிக்கிட்டு? பள்ளிக்கூடம் சேந்துட்டியா?" எல்லாரும் சிரித்தார்களாம். அப்பா முகம் மாறவில்லையாம். "ஆமாடா. என் மக பை. அவ வரல, நான் போறேன்." அப்புறம் வரிசையில் போய் நின்றுவிட்டாராம்.

சொல்லிவிட்டு அக்கா மூக்கைச் சிந்தினாள். ஆற்றில் விடச் சொல்லவில்லை.

அந்தச் சிரிப்புக்குத்தானே உன்னை அடித்தேன். வந்தது, நாலு பேர் சிரித்தார்கள், போய்விட்டது. இவ்வளவுதானா அது?

ஜனவரி 12, செவ்வாய்

பால்வெட்டு பாதியில் பிடித்துக்கொண்டது மழை. மரத்தில் கட்டிய மங்குக் கிண்ணத்தில் இருந்த பாலெல்லாம் வீண். மற்றவர்கள் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடி வந்தார்கள். கடைசியாக அப்பா வந்தார்.

தலையில் சாக்கு இல்லை. அதைப் பைக்குச் சுற்றி நெஞ்சோடு கட்டிக்கொண்டு, நனைந்து, நடுங்கிக்கொண்டு வாசலில் நின்றார்.

"நனையல," என்றார்.

நான் பையைத் தொடவில்லை. துண்டை எடுத்தேன். அவரைப் பிடித்து அடுப்பு ஓரம் உட்கார வைத்துத் தலையைத் துவட்டினேன். முடியின் அடிவரைக்கும், காதுக்குப் பின்னால், கழுத்தில். போதும் என்று அவரும் சொல்லவில்லை. நானும் நிறுத்தவில்லை. துண்டு ஈரமாகி, என் முந்தானையால் துவட்டினேன்.

இப்போது தூங்குகிறார். நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறேன், சூடு இல்லை. பை ஆணியில் தொங்குகிறது.

அன்றைக்கு நான் நோட்டைப் புரட்டிக்கொண்டு நின்ற நேரத்தில், உனக்கு ரொம்பக் குளிருச்சாடி சிட்டு?