பூ கட்டும் அம்மாளின் மூன்று சீட்டுகள்

நேற்று தென்னூர் டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டில் "கால் வலி" என்று மட்டும் இருந்தது. "எந்தக் கால் டாக்டர்?" என்று கேட்டுவிட்டேன். அவர் திருதிருவென்று முழித்தார். உன் ஞாபகம் வந்து, ரோட்டில் தனியாகச் சிரித்துக்கொண்டே வந்தேன்.

அறுபதுகளில் அந்தத் திருச்சி ஆஸ்பத்திரியின் ரெக்கார்டு அறையில் கிளார்க்காக நீயும் நானும் இரண்டே பேர். சீட்டில் டாக்டர் எழுதிய நோய்க்கு என்ன நம்பர் என்று தடிப் புத்தகத்தைப் பார்த்துப் போட வேண்டும். நான் புத்தகத்தைத் திறக்காமலே போடுவேன். அதில் எனக்கு ஏகத் தலைக்கனம். உன்னை ஆமை என்று கிண்டல் செய்வேன். நீ கண்டுகொள்ளவே மாட்டாய்.

ஸ்ரீரங்கத்திலிருந்து பூ கட்டும் அம்மாள் ஒருத்தி மூன்றாம் தடவையாக வந்தாள். மூன்று சீட்டிலும் "வயிற்று வலி". முதல் இரண்டுக்கும் இரைப்பைக் கோளாறு நம்பர் போட்டது நான்தான். அதைப் பார்த்து டாக்டரம்மாவும் பழைய மிக்ஸர் மருந்தையே எழுதிவிட்டார். அவளோ சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

நீ தேதிகளைப் பார்த்தாய். மாதத்துக்கு ஒன்று. அவளை உட்காரவைத்து, "வலிக்கிற அன்னைக்குக் கோயிலுக்குப் பூ கொண்டு போவீங்களா அக்கா?" என்று கேட்டாய்.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "அந்த மூணு நாள் எப்படிம்மா போறது? அப்பத்தானே உசுரு போவுது."

"நம்பரைப் போட்டு அனுப்புடி, நமக்கென்ன" என்றேன்.

"எந்த இடம், எப்ப வலின்னு தெரியாம போட மாட்டேன்" என்று சீட்டோடு டாக்டரம்மாவிடம் போய்விட்டாய். என் வண்டவாளம் வெளியே வரப்போகிறதே என்று கதவோரம் போய் நின்று ஒட்டுக்கேட்டேன். "கிளார்க் எனக்குச் சொல்லித் தர்றதா?" என்று உள்ளே ஒரு சத்தம். கொஞ்ச நேரம் கழித்து அந்த அம்மாளைக் கூப்பிட்டார்கள்.

சினைப்பையில் கட்டி. ஆபரேஷன் முடிந்து பிழைத்துக்கொண்டாள்.

நீ பழைய சீட்டுகளை என் முன்னால் வைத்தாய். "அழிக்காதே. ஒரு கோடு போட்டு அடி. பக்கத்துல சரியானதை எழுதி உன் கையெழுத்தைப் போடு." இரண்டு கையெழுத்தும் கோணலாக விழுந்தன. மறுமாதம் அவள் கொண்டுவந்த மல்லிகையில் பாதியை நீயே என் தலையில் வைத்தாய். எனக்கு அழுகை வந்துவிட்டது.

பல வருஷம் கழித்து என் மகள் ஒரு நாள் வயிற்று வலி என்று சுருண்டு படுத்தாள். பக்கத்தில் உட்கார்ந்து, எங்கே, எப்போது என்று கேட்டேன். வெட்கப்படாமல் எல்லாம் சொன்னாள். என் அம்மாவிடம் நான் ஒருநாளும் சொன்னதில்லை.