நின்றுபோன படம்

அன்புள்ள அப்பாவுக்கு, மஸ்கட்டிலிருந்து தமிழ்மாறன் வணக்கத்துடன் எழுதுவது. முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம். போனில் சொன்னால் குரல் நடுங்கும், அதனால் எழுதுகிறேன்.

நான் வேலை பார்க்கும் கேமரா அறையில் பதிவுகளைச் சுருக்கும் முறையை எச்.264-லிருந்து புதிய எச்.265-க்கு மாற்றினோம். அதே படம் பாதி இடத்தில் அடங்கிவிடும். நம் விக்கிரமங்கலத்தில் சிக்னல் குறைவு என்பதால் நம் வீட்டுக் கேமராவையும் இங்கிருந்தே மாற்றினேன். புதிய முறை என் பழைய போனில் சரியாக ஓடாது என்பதை யோசிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை சாப்பிடும்போது போனில் நம் வீட்டைப் பார்த்தேன். நாற்காலியில் தலை சாய்ந்து இருந்தீர்கள். நான் கை கழுவி வந்தும் அசையவில்லை. கூப்பிட்டேன், உங்கள் போன் அடித்துக்கொண்டே இருந்தது, நீங்கள் எடுக்கவில்லை. படம் நின்றால் பதறாதீர்கள் என்று ஊருக்கெல்லாம் சொல்பவன் நான்தான். ஆனாலும் பக்கத்து வீட்டு சசிகலா அக்காவை ஓடிப்போய்ப் பார்க்கச் சொன்னேன்.

"அப்பா சோளக்காட்டுல களை வெட்டிக்கிட்டு இருக்காங்க தம்பி. நீ ஏன் அழுவுற?" என்றார்.

நீங்கள் எழுந்து போன பிறகும் என் போனில் அந்தப் படமே நின்றிருக்கிறது. பழைய முறைக்கே மாற்றிவிட்டேன். டேட்டா போனால் போகட்டும்.

கேமரா மேல் துண்டைக் காயப்போடாதீர்கள். ஷிஃப்ட்டு வண்டி வந்துவிட்டது, கிளம்புகிறேன். காட்டுக்குப் போகும்போது அதன் முன்னால் ஒருதரம் நடந்துவிட்டுப் போங்கள். முகம் காட்ட வேண்டாம். முதுகு தெரிந்தாலும் போதும், நகர்ந்தால் சரி.

உங்கள் மகன்,
தமிழ்மாறன்