மழை நாட்களின் காகங்கள்

இன்று மாலை வெள்ளவத்தையில் மழை. மொட்டைமாடியில் காயப்போட்ட உடுப்புகளை எடுக்க ஓடினேன். காகங்கள் அடையப் போகும் நேரம். பாதிக் கூட்டம் ரயில் பாதையோர மரங்களுக்குப் போனது. மீதி பாமன்கடைப் பக்கம் திரும்பியது. உன்னிடம் சொல்லவேண்டும் போலிருந்தது.

நீ கொட்டாஞ்சேனையில் உயிரியல் படிப்பித்தவள். பள்ளிக்கூடம் விட்டதும் பஸ் ஏறி வந்து, இதே மாடியில் நின்று காகங்களை எண்ணிக் கொப்பியில் எழுதுவாய். நான் அதைக் கணினியில் ஏற்றுவேன். திரையில் ஒவ்வொரு காகமும் ஒரு புள்ளி. பக்கத்துப் புள்ளிகளோடு சேர்ந்து பற, மோதாதே, அவை திரும்பினால் நீயும் திரும்பு: மூன்றே விதிகள். வழிகாட்ட ஒருவரும் இல்லாமலே புள்ளிகள் எல்லாம் ஒரே மரத்தில் போய் அடைந்தபோது நீ கைதட்டிச் சிரித்தாய்.

மழை நாட்களில் மட்டும் கணக்குப் பிழைத்தது. உன் காகங்கள் இரண்டாகப் பிரிந்தன. என் புள்ளிகள் பிரியவில்லை. ஆய்வுக் கட்டுரையை அனுப்பும் அவசரத்தில் அந்த நாட்களை அழித்துவிட்டேன்.

வரைவை வாசித்துவிட்டு நீ நிமிர்ந்தாய். "மழை நாளெல்லாம் எங்கையடி?"

"அது பொருந்தேல்லை. விட்டிட்டன்."

"நான் நனைஞ்சு நனைஞ்சு எண்ணினது. உன்ர புள்ளி பிழையெண்டால் காகத்தை ஏன் அழிக்கிறாய்?" நீ குரலை உயர்த்தவில்லை. "என்ர பேரை எடுத்துவிடு."

எடுத்துவிட்டேன். கட்டுரை என் பெயரில் மட்டும் வெளிவந்தது. ஒரு வருடம் நாம் கதைக்கவில்லை.

பிறகு உன் தங்கை அழைத்து, நீ ஆஸ்பத்திரியில் இருப்பதாகச் சொன்னாள். அடையாளம் தெரியாமல் மெலிந்திருந்தாய். உடல் வருத்தத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், "மழை நாளைச் சேர்த்திட்டியோ?" என்று கேட்டாய்.

"ஓம்" என்றேன்.

"நல்லம்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாய். மூன்றாம் நாள் போய்விட்டாய்.

நான் சேர்த்திருக்கவில்லை.

செத்தவீடு முடிந்த கிழமையே கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக எழுதினேன். உன் தங்கையிடம் உன் கொப்பியை வாங்கிவந்து மழை நாட்களை மீண்டும் ஏற்றினேன். மழையில் தூரத்துக் கூட்டம் தெரியாதென்று வைத்து, ஒவ்வொரு புள்ளியின் பார்வையையும் குறைத்தேன். புள்ளிகள் இரண்டாகப் பிரிந்தன, நீ எழுதிவைத்தபடியே. புதிய கட்டுரையில் உன் பெயர்தான் முதலில். உன் தங்கை அதைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறாள்.

நான் நேர்மையாக நடந்தேன் என்று மற்றவர்கள் சொல்கிறார்கள். கட்டுரையைத் திருத்தினேன், உண்மைதான். உனக்குச் சொன்ன அந்த "ஓம்" மட்டும் திருத்தப்படாமல் என்னிடமே இருக்கிறது.