கூட்டாமல், விடாமல்

ஜூலை 5, 2018 – வியாழன்

இன்றும் மருந்துக்கடைக்கு விடுப்பு. அப்பா போய் ஐந்து நாள் ஆகிறது. அஹேரோவில் எங்கள் வீட்டுக்குத் துக்கம் கேட்க வருகிறவர்களுக்குத் தேநீர் ஊற்றி ஊற்றி என் மணிக்கட்டு வலிக்கிறது. எல்லோரும் ஒரே வாக்கியத்தைச் சொல்கிறார்கள்: "ஹெஸ்பான் நல்ல மனுஷன்." எப்படி நல்லவர் என்று திருப்பிக் கேட்டால் பாதிப் பேர் விழிப்பார்கள்.

நானே எழுதிவைக்கிறேன். முப்பத்தோரு வருஷம் காது கேளாதவர்களுக்குச் சைகை மொழிபெயர்ப்பாளர். மருத்துவமனை, காவல் நிலையம், நீதிமன்றம் – எங்கே கூப்பிட்டாலும் போவார். ஆனால் ஏழு மணிக்கு அம்மாவோடு உட்கார்ந்து சோளமாவு உகாலிக் களி சாப்பிட வீட்டுக்கு வந்துவிடுவார். வேலை பாக்கி இருந்தால் சாப்பிட்டுவிட்டு மறுபடி போவார். ஞாயிறுதோறும் எங்கள் பள்ளிச் சீருடையைத் துவைத்தவர் அவர்தான். அம்மா துவைத்தால் காலர் அழுக்கு போகாதாம்.

ஜூலை 6 – வெள்ளி

அடக்கம் பதினான்காம் தேதி, சனிக்கிழமை. எல்லா ஏற்பாடும் பெரியப்பா யோனா கையில். கிசுமுவிலிருந்து காது கேளாதவர்கள் இரண்டு பஸ் நிறைய வருகிறார்களே, யார் மொழிபெயர்ப்பது என்று கேட்டேன். இந்தப் பக்கத்தில் இருக்கிற இன்னொரு மொழிபெயர்ப்பாளர் ஒரு வழக்குக்காக நைரோபி போயிருக்கிறார்.

"ரிஸ்பர், அவங்களுக்கு எதுக்கும்மா அதெல்லாம்? பெட்டி கண்ணுக்குத் தெரியும். குழி தெரியும். வேற என்ன வேணும்?"

"நான் பண்றேன் பெரியப்பா."

"நீயா? செத்தவன் பொண்ணு பெட்டி பக்கத்துல உக்காரணும். முன்னாடி நின்னு கையை ஆட்டினா, துக்கத்துல இவளுக்குப் புத்தி கலங்கிடுச்சும்பாங்க."

"சொல்லட்டும்."

அம்மா கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

வீறாப்பாகச் சொல்லிவிட்டேன். நான் வெளியிடத்தில் கையால் பேசிப் பதினேழு வருஷம் ஆகிறது. எட்டு நாள் இருக்கிறது. என்ன செய்யப் போறேன்?

ஜூலை 8 – ஞாயிறு

ஏன் பதினேழு வருஷம் என்பதையும் எழுதத்தான் வேண்டும். எனக்குப் பன்னிரண்டு வயது. மதிய இடைவேளையில் அப்பா பள்ளிக் கதவுக்கு வெளியே நின்று, சாப்பிட்டாயா என்று, வீட்டில் எங்களுக்குப் பழக்கமானபடி, கையால் கேட்டார். என்னோடு இருந்த பெண்கள் பார்த்துவிட்டார்கள். விரல்களைக் கோணலாக ஆட்டி, "ஊமை வீட்டுப் பொண்ணு" என்று வருஷம் முழுக்க வதைத்தார்கள். அன்றைக்கு நான் அவருக்குப் பதில் சொல்லாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அப்பா அதைப்பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. அதற்குப் பிறகு பள்ளிக்கு வந்தபோதெல்லாம் இரண்டு கைகளையும் கால்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு நின்றார்.

ஒரு தடவையாவது மன்னிப்புக் கேட்டிருக்கலாம். கேக்கலியே. இருபத்தொன்பது வயசாகியும் கேக்கலியே.

ஜூலை 9 – திங்கள்

மெர்சலினிடம் போனேன். சந்தையில் தையல் கடை வைத்திருக்கிறாள், என் வயதுதான், பிறவியிலேயே காது கேளாது. சின்ன வயதில் வாரம் இரண்டு நாளாவது எங்கள் வீட்டில் சாப்பிடுவாள். அப்பா அவளோடு கைகொட்டிச் சிரிக்கிறதைப் பார்த்து எனக்கு வயிறெரியும். அது அவளுக்குத் தெரியும்.

நான் கையால் பேச ஆரம்பித்ததும் ஊசியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். "என்னடி இது, கையில கட்டு போட்ட மாதிரி பேசுறே?"

மூன்று மணி நேரம் விடவில்லை. அவள் சொன்னதில் முக்கியமானது: "யாராவது 'நான்'னு சொன்னா நீயும் 'நான்'னுதான் சொல்லணும். 'அவங்க என்ன சொல்றாங்கன்னா'ன்னு நடுவுல மூக்கை நுழைக்காத. உங்கப்பா நுழைச்சதே இல்ல."

அழுகை வந்தால் என்ன செய்வது என்று கேட்டேன்.

"அழு. கையை நிறுத்தாத."

ஜூலை 10 – செவ்வாய்

ஆறு மணி நேரம். தோள்பட்டை கழன்றுவிடும் போலிருக்கிறது. நாளையும் போவேன்.

ஜூலை 12 – வியாழன்

மொழிபெயர்ப்பவர் ஒரே நிறத்தில் உடுத்த வேண்டும், அப்போதுதான் கை எடுப்பாகத் தெரியும். அம்மா அப்பாவின் கறுப்புச் சட்டையை மெர்சலினிடம் கொடுத்து என் தோளுக்குக் குறுக்கச் சொல்லியிருக்கிறாள்.

ஜூலை 14 – சனி

முடிந்தது. கையெழுத்து கோணலாக இருக்கிறது, பரவாயில்லை.

பந்தலின் இடப்பக்கம் காது கேளாதவர்கள் எண்பது பேர். நான் பெட்டிக்கும் ஒலிபெருக்கிக்கும் நடுவில் நின்றேன். பெரியப்பா முறைத்தார். நகரவில்லை. பாதிரியாரின் ஜெபத்தில் இரண்டு இடம் தடுமாறினேன். அழுகையும் வந்தது. மூக்கு ஒழுகியது, துடைக்கக் கை இல்லை. அப்படியே விட்டேன்.

பிறகு பெரியப்பா பேசினார். "என் தம்பிக்கு இருந்த மூளைக்கு அவன் பெரிய வக்கீலா வந்திருக்கணும். வாழ்க்கை பூரா இந்த ஊமைங்க பின்னாடி ஓடியே வீணாக்கிட்டான்."

என் கை அந்தரத்தில் நின்றது. மாற்றிச் சொல்லியிருக்கலாம். 'காது கேளாத நண்பர்களோடு வாழ்ந்தான்' என்று போட்டிருந்தால் ஒருவருக்கும் தெரிந்திருக்காது, பெரியப்பாவுக்கே தெரிந்திருக்காது. ஆனால் அப்பா தன் வேலையைப் பற்றிச் சொன்னது இரண்டே சொல்: கூட்டாதே, விடாதே. டாக்டர் திட்டினால் திட்டையும் அப்படியே கொடுப்பார். அவங்களுக்கு வர்ற வசவு அவங்களுக்குச் சேரணும், அதை மறைக்க நான் யாரு என்பார்.

'ஊமை' என்பதற்கு, உதட்டைப் பூட்டுகிற அந்தப் பழைய அசிங்கமான சைகையைப் போட்டேன். 'வீண்' என்பதையும் போட்டேன். எண்பது முகமும் ஒன்றாக மாறியது.

மெர்சலின் எழுந்து முன்னால் வந்தாள். அவள் கை பேசியது. என் வாய் ஒலிபெருக்கியில் சொன்னது:

"பெரியவரே, நான் ஊமை இல்ல. இப்பப் பேசிக்கிட்டுதானே இருக்கேன்."

கூட்டம் சிரித்தது. பெரியப்பா என்னைப் பார்த்த பார்வையில் நான் எரிந்துபோயிருக்க வேண்டும்.

"எனக்கு முதல் குழந்தை பொறந்த அன்னிக்கு ஆஸ்பத்திரியில ஒரு காகிதத்தைக் கொண்டுவந்து கையெழுத்துப் போடுன்னாங்க. எல்லாரும் தலையாட்டினாங்க, நானும் பேனாவை எடுத்தேன். ஹெஸ்பான்தான் அதைப் படிச்சு எனக்குச் சொன்னார். இனிமே பிள்ளையே பொறக்காம இருக்க ஆபரேஷன் பண்ணச் சம்மதம்னு இருந்துச்சு. நான் போடல." பக்கத்தில் நின்ற நான்கு வயதுப் பெண்ணைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரே கையால் மிச்சத்தைச் சொன்னாள். "இது என் ரெண்டாவது பொண்ணு. இவ வீணா?"

யாரும் சிரிக்கவில்லை. அம்மா மட்டும் தலையை நிமிர்த்தி உட்கார்ந்தாள்.

மண் போட்டபிறகு பெரியப்பா என்னைத் தனியாக இழுத்தார். "ஊர் முன்னாடி என்னை எப்படிடி அப்படிக் கேக்கலாம்?"

"நான் கேக்கல பெரியப்பா. மெர்சலின் கேட்டா."

மெர்சலின் நின்ற பக்கம் திரும்பிப் பார்த்தார். "அந்தப் பொண்ணைச் சாப்பிட்டுட்டுப் போகச் சொல்லு."

சொன்னேன். இறைச்சி இருக்கிறதா என்று கேட்கச் சொன்னாள். கேட்டேன்.

ஆகஸ்ட் 25 – சனி

காது கேளாதோர் சங்கத்தின் மொழிபெயர்ப்பாளர் தேர்வில் தோற்றேன். சங்கத்தின் சார்பில் உட்கார்ந்து மதிப்பெண் போட்டவள் மெர்சலின். "எண்ணுல குழறுறே" என்றாள். நாள் முழுக்க மாத்திரை எண்ணுகிற என்னைப் பார்த்து. துரோகி. அக்டோபரில் மறுபடி எழுதுவேன்.

அக்டோபர் 27 – சனி

தேறிவிட்டேன். எண்ணில் முழு மதிப்பெண்.

நவம்பர் 21 – புதன்

முதல் வழக்கு. பக்கத்து வீட்டு மாடுகள் ஒரு கிழவரின் சோளத்தை மேய்ந்துவிட்டன. கிழவருக்குக் காது கேளாது, சியாயா பக்கம் எங்கோ உள்ளே இருந்து வந்திருக்கிறார். நான் எதிரில் போய் நின்றதும் என்னைத் தாண்டிக் கதவைப் பார்த்தார். நீதிபதியின் முதல் கேள்வியைக் கொடுத்தேன். கிழவர் நீதிபதியைப் பார்த்து வேகமாகக் கையை வீசினார்.

"என்ன சொல்கிறார்?" என்று நீதிபதி கேட்டார்.

அப்படியே சொன்னேன், சத்தமாக: "இந்தப் பொண்ணு ரொம்ப மெதுவா பேசுது. இது எனக்கு வேண்டாம். எனக்கு ஹெஸ்பான்தான் வேணும்."

சொல்லி முடித்தபின்தான் என் காதில் விழுந்தது.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். "ஹெஸ்பான் ஜூனில் இறந்துவிட்டார் என்று அவரிடம் சொல்லுங்கள்."

அதையும் சொன்னேன். கிழவருக்குத் தெரிந்திருக்கவில்லை. கைகளை மடியில் போட்டுக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்து, "நீ யாரு?" என்றார்.

மொழிபெயர்ப்பவர் தன் பேச்சைப் பேசக்கூடாது. நீதிபதியிடம் அனுமதி கேட்டேன், தலையசைத்தார். ஒரே ஒரு சைகை போட்டேன்: "மகள்."

கிழவர் என் கைகளையே பார்த்தார்.

"அப்ப சரி," என்றார். "மெதுவாவே பேசு. நான் காத்திருக்கேன்."

பதினொன்றரைக்கு வழக்கு தொடங்கியது.