அம்மாவைத் தராசில் நிறுத்துப் போட்ட டயர்

மாப்ள,

இன்று காலை ஒத்தக்கடையில் ஒரு டயர் கடைக்குள் நுழைந்ததும் புது ரப்பர் வாடை முகத்தில் அடித்தது. என் மகன் தன் பெரிய பைக்கில் இமயமலை வரை போகப்போகிறானாம். டயர் பார்க்க என்னையும் கூட்டிப்போயிருந்தான். கடைக்காரர் கட்டை கட்டையாய் வெட்டிய டயர் ஒன்றை உருட்டிக்கொண்டு வந்து, "இதப் போட்டா வண்டி செம கெத்தா இருக்கும் சார்" என்றார். நான் குனிந்து கட்டைவிரல் நகத்தை ரப்பரில் அழுத்தினேன். இறங்கவில்லை. "வேற காட்டுங்க" என்றேன். மகன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். அது நீ செய்கிற வேலை என்று அவனுக்கு எப்படித் தெரியும்?

எண்பதுகளின் தொடக்கத்தில் நானும் அந்தக் கெத்துக்கு மயங்கியவன்தானே. என் தங்கை போடிமெட்டுக்கு மேலே ஏலக்காய்த் தோட்டத்தில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். அவள் மகளுக்கு மலைமேல் அவர்கள் குலசாமி கோயிலில் காதுகுத்து வைத்தார்கள். தாய்மாமன் நான் போய்விடுவேன். அம்மாவை எப்படிக் கொண்டுபோவது? பஸ்ஸில் ஏறினால் உசிலம்பட்டி தாண்டுவதற்குள் டீசல் வாடைக்குக் குடலே வெளியே வந்துவிடும். கல்யாணமாகி மூன்று வருஷம் ஆகியும் மகள் வீட்டு வாசலை அம்மா மிதித்ததில்லை. "பேத்தி அழுகுறப்ப நான் பக்கத்துல இருக்கணும்டா" என்று நம் இருவரிடமும் சொல்லிச் சொல்லி மாய்ந்தாள். காற்றாட உட்கார்ந்து போனால் குமட்டாது என்று என் புல்லட்டைக் காட்டியவன் நீதான்.

கீழமாரட் வீதியில் டயர் கடை வைத்திருந்த உன்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், வேறெங்கோ போய் இதே மாதிரி கட்டை கட்டையான ஒரு பட்டன் டயரை வாங்கிப் பின்சக்கரத்தில் மாட்டினேன். பார்த்தால் டிராக்டர் மாதிரி மிரட்டும். நேரே பாண்டி கோயிலுக்குப் போய் மாலை போட்டு, சந்தனம் அப்பி, எலுமிச்சம்பழத்தை ஏற்றி நசுக்கி, அதே ஜோரில் உன் கடை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினேன். நீ சந்தனத்தைத் துடைத்துவிட்டு நகத்தை அழுத்தினாய்.

"கழட்டு" என்றாய்.

"பூசை போட்ட டயருடா!"

"கல்லு மாதிரி இருக்கு மாப்ள. மழையில சாச்சுத் திருப்புனா ஓரத்துல பிடிக்க ரப்பரே இல்ல. பின்னாடி ஒக்காரப்போறது யாரு? அம்மா."

எனக்கு வந்ததே கோபம்! நாலு நாள் உன் கடைப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. அம்மாவும் என் கட்சிதான். சாமி ஏற்றுக்கொண்டதைக் கழற்றினால் குத்தம் என்றாள். ஐந்தாம் நாள் நீயே ஆனையூரில் எங்கள் வீட்டுக்கு வந்து, "அம்மா, ஒத்தக்கடை ஆனைமலை வரைக்கும் ஒரு எட்டு வாங்க" என்று ரிக்ஷாவில் ஏற்றிவிட்டாய். மலையடிவாரத்தில் சரிந்து கிடக்கும் பாறையில் வண்டியை ஏற்றி, என்னைப் பிரேக்கை அழுத்தி உட்காரச் சொல்லி, சக்கரத்துக்குக் கீழே இரண்டு குடம் தண்ணீரை ஊற்றினாய். சக்கரம் சுற்றவே இல்லை. ஆனாலும் வண்டி என்னையும் சுமந்துகொண்டு அப்படியே வழுக்கி அம்மாவின் காலடிக்கு வந்து சேர்ந்தது.

அம்மா டயரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "பாண்டி வண்டியத்தானடா ஏத்துக்கிட்டாரு, டயரையா? கழட்டு" என்றாள்.

அப்புறம் நீ பண்ணிய அமர்க்களம் இருக்கிறதே! அரைநாள் கடையைக் கவிழ்த்துப்போட்டுத் தேடினாய். முன்னால், நேர்கோடாக வரி ஓடும் டயர். திருப்பினால் சொன்னபடி கேட்கும். பின்னால், ஓரம் வரைக்கும் கட்டை இறங்கிய, நகம் பதிகிற டயர். "சீக்கிரம் தேஞ்சிருமேடா" என்றேன். "தேயட்டும். தேயிறதுதான் பிடிக்கும்" என்றாய். காற்று எவ்வளவு அடிப்பது என்பதற்கு அம்மாவின் எடை தெரிய வேண்டும் என்று, எதிரே இருந்த வெங்காய மண்டித் தராசில் ஏற்றினாய். மண்டி முழுக்கச் சிரித்தது. அம்மா கொஞ்சமும் அசரவில்லை. "செருப்பக் கழட்டிட்டேன், இப்ப நிறு. இல்லாத எடைய என் தலையில கட்டாத" என்றாள்.

காதுகுத்தன்று விடியும்போதே மழை. சீர் சாமான்களோடு நீ முதல் பஸ்ஸில் முன்னால் போய்விட்டாய். போடி தாண்டி மலையேறினோம். அம்மாவுக்கு ஒரு குமட்டல் இல்லை. முக்காடு போட்டுக்கொண்டு, ஒவ்வொரு வளைவையும் சத்தமாக எண்ணிக்கொண்டு வந்தாள். மேலே ஒரு வளைவில் உன் பஸ் நின்றிருந்தது. பாறை சரிந்து சாலையை அடைத்துவிட்டது. மலைச்சுவரை ஒட்டி வழுவழுப்பான ஒரு பாறை மட்டும் மிச்சம். அதன்மேல் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. எனக்கு ஆனைமலை ஞாபகம் வந்தது; வண்டியை நிறுத்தினேன்.

நீ ஓடிவந்தாய். "அம்மா, எறங்கி நடந்து வாங்க. அவன் வண்டிய ஏத்திரட்டும்."

"நீ போட்ட டயருதான?" என்றாள் அம்மா.

"ஆமாம்மா."

"அப்ப எதுக்கு எறங்கணும்?"

நான் ஏற்றினேன். நீ எங்கள் முகத்தைப் பார்க்கவே இல்லை. மழையில் குத்தவைத்து என் பின்சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய். "பிடிக்குது மாப்ள! பிடிக்குதுடா!" என்று நீ போட்ட கூச்சலில் பஸ் ஜனம் முழுக்கக் கைதட்டியது. ஏறி முடித்தபோது அம்மா பின்னாலிருந்து என் முதுகில் ஒரு அறை விட்டாள், பாராட்டுக்குத்தான். என் வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷமாக அடிவாங்கியதில்லை.

கோயிலில் என் மடியில் குழந்தையை வைத்து வலது காது குத்தி முடித்தார்கள். ஆசாரி இடது பக்கம் திரும்பும்போது அம்மா கையை நீட்டினாள். "நிறுத்துங்க. இன்னொரு மாமன் நடந்து வாரான்."

தங்கையின் மாமனார் தொண்டையைச் செருமினார். "பள்ளிவாசலுக்குப் போற புள்ள. அவருக்கும் சங்கடமா இருக்குமே."

"என்னைய இங்க கொண்டாந்து சேத்தவன் அவன். வரட்டும்."

முக்கால் மணி நேரம் கழித்து, தலையில் சீர் மூட்டையோடு நீ வந்தாய். மடியில் உட்காரவைக்கப் போகிறார்கள் என்றதும் பதறி, "அம்மா, வேட்டியெல்லாம் சேறு" என்றாய். அது ஒன்றுதான் உன் கவலை. இடது காதில் ஊசி இறங்கியதும் பிள்ளை வீறிட்டாள், அவளை விடப் பெரிதாக நீ அழுதாய். கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது எனக்கு.

போன வாரம், நீ போய்ச் சேர்ந்த நாற்பதாம் நாள் பாத்திஹாவுக்கு அந்தப் பிள்ளையும் வந்திருந்தாள். உன் வீட்டுக் கூடத்தில் முகம் வாடி உட்கார்ந்திருந்தவளைச் சிரிக்கவைக்கலாம் என்று பக்கத்தில் போய் உட்கார்ந்து, சின்ன வயதில் செய்வதுபோல் காதைப் பிடித்துத் திருகினேன். பேரன் எடுத்தவள் மாப்ள, சட்டென்று என் கையைத் தட்டிவிட்டாள்.

"அது மாப்ள மாமா காது. நீங்க அந்தப் பக்கம் வாங்க."

எழுந்து சுற்றிப்போய் அவளுடைய வலது பக்கம் உட்கார்ந்தேன்.