ஆப் இறங்காமல் போன பதினேழு நாள்

அன்பு மகள் பாப்பாவுக்கு அப்பா எழுதுவது. நான் இங்கே நல்லபடியாக இருக்கிறேன், முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முறைத்துக்கொள்கிறது, மற்றபடி குறையில்லை. நீயும் மாப்பிள்ளையும் அங்கே உடம்புக்கு ஒன்றும் வராமல், வேலையில் தொந்தரவு இல்லாமல் இருக்க வேண்டும், எனக்கு அது போதும். நேற்றுத்தானே முகம் பார்த்துப் பேசினோம், அதற்குள் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். நேற்று நீ "பதினேழு நாளா என்னப்பா ஆச்சு?" என்று கேட்டாய், நான் "சின்னக் கோளாறும்மா, சரியாயிடுச்சு" என்றேன். அது பொய் இல்லை, ஆனால் முழுசும் இல்லை. திரையில் உன் முகத்தைப் பார்த்தால் எனக்குச் சிரிக்கத்தான் வருகிறது, சொல்ல வந்ததை விட்டுவிட்டு வேறு எதையோ பேசிவிடுகிறேன், அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

முதல் நாள் காலையில் உன்னைக் கூப்பிடும் ஆப்பைத் திறந்தால், இது பழசாகிவிட்டது, புதியதை இறக்கிக்கொள்ளவும் என்று வந்தது. சரியென்று அழுத்தினேன். வட்டம் சுற்றியது, குளித்துவிட்டு வந்து பார்த்தாலும் சுற்றியது, கீழே 'காத்திருக்கிறது' என்று எழுதியிருந்தது. யார் யாருக்காகக் காத்திருக்கிறார்கள் என்றுதான் விளங்கவில்லை. போனை அணைத்துத் திரும்பப் போட்டேன். சிக்னல் இல்லையோ என்று மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டி ஓரம் நின்று கையை உயரத் தூக்கிப் பிடித்தேன், எதிர்வீட்டு அம்மாள் நான் தனக்குக் கை காட்டுவதாக நினைத்துப் பதிலுக்குக் காட்டினாள், நானும் வேறு வழியில்லாமல் இன்னொரு தரம் ஆட்டிவிட்டு இறங்கி வந்தேன். கீழ்வீட்டுத் தையல்காரர் "இடம் இல்லாம இருக்கும் சார், போட்டோவை எல்லாம் தூக்குங்க" என்றார். என்னோடு வேலை பார்த்த பஸ் டிப்போ ஆட்கள் அனுப்பிய காலை வணக்கப் பூக்கள் மட்டும் அறுநூறுக்கு மேல் இருந்தன, உட்கார்ந்து ஒவ்வொன்றாக அழித்தேன், உன் படங்களைத் தொடவில்லை. அவர் தன் வீட்டு வைஃபையில் போட்டுப் பார்த்தார், உள்ளே ஏதோ குப்பை சேர்ந்திருக்குமாம், அதையும் துடைத்தார், ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் "பழசை எடுத்துட்டுப் புதுசாப் போட்டா வந்துடும் சார்" என்று பழசை எடுத்தார். பழசு போயிற்று, புதுசு வரவில்லை. மனிதர் முகம் சுருங்கிவிட்டது, நான்தான் அவருக்கு ஆறுதல் சொல்ல வேண்டியதாயிற்று. நீ சாதாரண போனில் இரண்டு தரம் கூப்பிட்டாய், உன் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருகிற மாதிரி வந்து அறுந்துபோனது. அப்புறம் அதுவும் இல்லை. சமைத்தேன், சாப்பிட்டேன், தட்டைக் கழுவினேன். ஒருநாள் மாலை தையல்காரர் "என்ன சார், குரல் கம்மிப்போச்சு?" என்று கேட்டபோதுதான், காலையிலிருந்து வாயைத் திறக்கவே இல்லை என்று உறைத்தது.

பதினேழாம் நாளான நேற்று, சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு, பஸ் ஸ்டாப் பக்கத்தில் இருக்கும் மொபைல் ரிப்பேர் கடைக்குப் போனேன். ஒரு கண்ணில் பூதக்கண்ணாடி மாட்டிய பெண், உன் வயதுதான் இருக்கும். போனை வாங்கி இரண்டு தள்ளுத் தள்ளினாள், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள், திரும்பப் போனைப் பார்த்தாள். "சார், உங்க போன்ல நேரமே தப்பா இருக்கே, தேதியும் ஒருநாள் பின்னாடி நிக்குது. நேரம் ஒத்துவரலேன்னா ஆப் எதுவும் இறங்காது சார், போனையே நம்பாது. யாரு மாத்தினது?" என்றாள். பஸ் டிப்போ வாசலில் முப்பத்தொரு வருஷம் டைம் கீப்பராக உட்கார்ந்து, வண்டி மூன்று நிமிஷம் தாமதம் என்றாலும் விடாமல் நோட்டில் எழுதிவைத்தவனைப் பார்த்துக் கேட்கிறாள். "கை பட்டிருக்கும்மா" என்று சொல்லிவிட்டேன். அவள் ஏதோ ஒன்றைத் தள்ளிவிட்டாள், வெள்ளிக்கிழமை ராத்திரி என்று காட்டிக்கொண்டிருந்த போன் ஒரே தாவலில் சனிக்கிழமை காலைக்கு வந்து நின்றது. ஆப் அரை நிமிஷத்தில் இறங்கிவிட்டது.

கை படவில்லை பாப்பா, நானேதான் மாற்றி வைத்தேன். உன் அம்மா இருந்தவரை விரலை மடக்கி எண்ணி, இப்ப எழுந்திருப்பா, இப்ப ரயில்ல போய்க்கிட்டிருப்பா என்று சொல்லிவிடுவாள், எனக்கு அந்தக் கணக்கு பிடிபடவே இல்லை. இரண்டு மாதம் முன்னால் நான் கூப்பிட்டபோது நீ மெதுவான குரலில், "அப்பா, மீட்டிங்ல இருக்கேன், இங்க என்ன நேரம்னு ஒரு தடவை பார்த்துட்டுக் கூப்பிடக் கூடாதா?" என்றாய். நீ கோபமாகச் சொல்லவில்லை, எனக்குத் தெரியும், களைப்பாக இருந்தாய். வைத்தவுடனே போன் கடிகாரத்தை உன் ஊர் நேரத்துக்குத் திருப்பிவிட்டேன். அப்புறம் அது எனக்குப் பழக்கமாகிவிட்டது. நீ எழுந்துகொள்ளும் மணியில் நான் சாயங்கால விளக்கைப் போடுவேன், நீ மதியம் சாப்பிடப் போகும் நேரத்தில் எனக்குத் தூக்கம் வராது. வீட்டுச் சுவர்க் கடிகாரம் பாட்டரி தீர்ந்து நின்றது, மாற்றவில்லை.

இனி சொல்லப்போவதுதான் உள்ளே கிடந்து அறுப்பது. மொட்டை டிரைவரை உனக்கு நினைவிருக்கும், சின்ன வயதில் உன்னை ஸ்டீயரிங் முன்னால் உட்காரவைத்து ஹாரன் அடிக்கவிடுவானே, அவன்தான். வேலையை விட்ட பிறகும் தினமும் சாயங்காலம் பஸ் ஸ்டாண்டு டீக்கடை பெஞ்சில் நானும் அவனும்தான். போன மாதம் அவன் மகன் வந்து தன்னோடு அழைத்துக்கொண்டு போவதாக முடிவாயிற்று. கிளம்பும் வாரம் திங்கட்கிழமை அவன் என்னிடம், "பெட்டி கட்டுற வேலை கெடக்குய்யா, இனி இங்க வர முடியாது. வியாழக்கிழமை காலையில ஏழரை வண்டி. நீ வந்து கொடியாட்டினாத்தான் கிளம்புவேன்" என்றான். அவனிடம் செல்போன் கிடையாது, மகன் நம்பரைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தான். வியாழக்கிழமை காலையில் எழுந்து போனைப் பார்த்தேன், புதன் என்று இருந்தது. உன் ஊரில் அப்போது புதன்தானே. நாளைக்குத்தான் என்று நினைத்துக்கொண்டு அவனுக்குக் கொடுக்க வைத்திருந்த கம்பளிச் சால்வையைத் துவைத்துக் காயப்போட்டேன். மறுநாள் ஏழு மணிக்கே சால்வையோடு போய் நின்றேன். டீக்கடைக்காரர், "அவரு நேத்தே போயிட்டாரே சார், உங்களைத்தான் கேட்டுக்கிட்டே இருந்தாரு" என்றார். நான் ஒரு டீ கேட்டு வாங்கி, குடிக்காமல் வைத்துவிட்டு வந்தேன். வந்த பிறகும் போன் நேரத்தை மாற்றவில்லை, மாற்றினால் நீயும் இன்னும் தள்ளிப் போய்விடுவாய் என்று தோன்றியது. அவனுக்குப் போன் பண்ணவும் முகம் இல்லை.

இன்று காலை பண்ணினேன். நேற்று உன்னைப் பார்த்த தெம்பு என்று வைத்துக்கொள். மகன் எடுத்து அவனிடம் கொடுத்தான். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். "யோவ், ஏறாம படியிலயே நின்னேன்யா, கண்டக்டர் சின்னப் பய கத்துறான், எட்டு நிமிஷம் நிறுத்தி வெச்சேன். என் சர்வீஸ்லயே அத்தனை லேட்டு கிடையாது" என்றான். திட்டியிருந்தால் தேவலாம் போல இருந்தது. சால்வையைப் பார்சலில் அனுப்பச் சொல்லிவிட்டு, "பொண்ணு கூப்பிடுறாளா?" என்று கேட்டான். கூப்பிடுகிறாள் என்றேன்.

அந்தக் கடைப்பெண் கெட்டிக்காரி. நான் கிளம்பும்போது தலையைத் தூக்காமலே, "வெளிநாட்டுல யாரோ இருக்காங்க போல" என்றாள். பொண்ணு என்றேன். வேறொன்றும் கேட்காமல் திரையில் இரண்டு கடிகாரம் வைத்துக் கொடுத்தாள், மேலே இங்கத்தியது, கீழே உன்னுடையது. இப்போது தப்புவர வழியில்லை. ஆனால் பாப்பா, இரண்டு மாதம் முன்னால் உன் நேரத்தைப் போனில் வைத்த பிறகுதான் நான் கூப்பிடுவதே குறைந்தது. பார்க்கும்போதெல்லாம் ஒன்று நீ எழுந்திருக்கும் நேரம், இல்லையென்றால் ஓடும் நேரம், வேலை நேரம், அலுத்து வந்து விழும் நேரம். கூப்பிடலாம் என்று ஒரு மணி அதில் எனக்கு அகப்படவே இல்லை. அதனால் நீயே பார்த்து, வாரத்துக்கு ஒரு நேரம் எனக்கென்று சொல்லு. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். கண்ணுக்குச் சொட்டு மருந்து விடுவதை நிறுத்திவிடாதே, நேற்று கண் சிவந்திருந்தது, கேட்டால் வெளிச்சம் என்பாய். இரண்டு பேரும் எந்தக் குறையும் இல்லாமல் நிறைவாக வாழ வேண்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா

பி.கு. நீ சொல்லும் நேரத்துக்குப் பத்து நிமிஷம், அரை மணி முன்னே பின்னே ஆனாலும் பரவாயில்லை. நான் எழுதிவைக்க மாட்டேன்.