வெட்டாமல் விட்ட பெயர்

கும்மிடிப்பூண்டி
கார்த்திகை 5

என் ஹம்ஸாவுக்கு அம்மா எழுதுவது. அப்பாவும் நானும் உடம்பு அளவில் சௌக்கியம். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, அந்தக் குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போய் வந்து, இருமல் சளி இல்லாமல் இருக்கிறாய் என்று எண்ணிக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை போனில் பேசியவள் இரண்டே நாளில் கடிதம் எழுதுவானேன் என்று உனக்குத் தோன்றும். பிப்ரவரியில் லீவு வருகிறது, டிக்கெட் போடட்டுமா, அப்பா என்ன சொல்கிறார் என்று நீ கேட்டாய். அப்புறம் சொல்கிறேன், குக்கர் கூப்பிடுகிறது என்று வைத்துவிட்டேன். குக்கர் கூப்பிடவில்லை. போனில் எனக்குப் பொய் சுலபமாக வந்துவிடுகிறது. காகிதத்தில் எழுதினால் எழுதியதை நானே ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. இது ஜெர்மனிக்கு வந்து சேரப் பத்துப் பன்னிரண்டு நாள் ஆகும் என்று தபாலாபீசில் சொன்னார்கள். அதுவரை டிக்கெட் போடாமல் இரு.

முதலில் சின்னப் பொய்யைச் சொல்லிவிடுகிறேன். நீ போய் ஒரு வருஷமும் இரண்டு மாதமும் ஆகிறது. ஒவ்வொரு ஞாயிறும் அப்பா உன்னை விசாரித்தார் என்று சொல்லி வந்தேன். அவர் விசாரிக்கவில்லை. போன் அடித்தால் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு பால்கனிக்குப் போய்விடுவார், நாம் பேசி முடிக்கும்வரை எதிர்க் கட்டடத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார். உன் கல்யாணம் நின்ற நாளிலிருந்து போன வாரம்வரை அவர் வாயிலிருந்து உன் பெயர் வந்ததே இல்லை. ரேஷன் கார்டில் பெயர்களைச் சரிபார்த்த அன்றுகூட உன் பெயர் மேல் விரலை வைத்து, இது சரியா இருக்கு என்று மட்டும் சொன்னார். அதையும் சேர்த்து, அப்பா உன் பெயரைச் சொன்னார் என்று அந்த வாரம் உன்னிடம் அளந்தேன்.

இங்கே எப்போதும் போலத்தான். காலை ஏழு மணிக்குக் கம்பெனி பஸ் அவரை ஏற்றிக்கொண்டு போகிறது, சாயங்காலம் ஆறரைக்கு இறக்கிவிடுகிறது. நடுவில் இருக்கும் பதினொன்றரை மணி நேரத்தில் பேச்சு என்று எதுவும் கிடையாது. நூலகத்தில் எனக்குப் பிடித்த அலமாரியை இரண்டாவது தடவையாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். முதல் தடவை கதைக்காகப் படித்தேன், இப்போது அதில் யார் யாரோடு பேசுகிறார்கள் என்று பார்க்கிறேன். திருவள்ளூரிலிருந்து பெரியப்பா வீட்டில் நவராத்திரிக்குக் கூப்பிடவில்லை. அப்பா அமாவாசைக்கு அமாவாசை பெருமாளைச் சேவிக்கத் தனியாகப் போகிறார். கோயிலுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிற அண்ணா வீட்டுக்குள் நுழையாமல் ரயிலேறி வந்துவிடுகிறார். அங்கே கைங்கரியம் பண்ணுகிற வீரராகவன் பெரியப்பா சன்னிதியில் பார்த்தால் தீர்த்தம் கொடுப்பாராம், பேச மாட்டாராம். உருக்காலை இரும்புத் தூசியும் குறையவில்லை. துவைத்து உலர்த்திய வேட்டியில் கருப்புப் பொடி, ஜன்னல் விளிம்பில் கருப்புப் பொடி. வெள்ளை அட்டையை எடுத்தால் ஜன்னலைச் சாத்திக்கொண்டுதான் வேலை செய்ய வேண்டும். அட்டை என்றதும் நிமிர்ந்து உட்காருவாய். ஆமாம், உன் கைவேலைப் பெட்டியைத் திறந்துவிட்டேன்.

கீழ் வீட்டுக்கு ஈஸ்வரி என்று ஒருத்தி குடிவந்திருக்கிறாள். சிப்காட்டில் ஒரு கம்பெனியில் பேக்கிங் பிரிவில் வேலை. கதவைத் தட்டும் வழக்கமே கிடையாது, இன்னாக்கா இன்னா பண்ற என்று உள்ளே வந்துதான் குரல் கொடுப்பாள். அவள் பிரிவில் ஒடிசாப் பெண் ஒருத்தி வேலையை விட்டு ஊருக்குப் போகிறாளாம். கடையில் வாங்குகிற வாழ்த்து அட்டையில் பதினாலு பேர் பெயர் எழுத இடமில்லை, நீ எதாச்சும் செஞ்சி குடேன்க்கா, சும்மாதான குந்திக்கினு கீற என்றாள். அவளுக்கு அதில் பரிதாபமும் இல்லை, கேலியும் இல்லை. நான் சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள், சொன்னாள். பதினாலு பேரும் வரணும், ஆனா மடிச்சா பர்ஸ்ல வைக்கிற மாரி இருக்கணும் என்று நிபந்தனை வேறு.

விசிறி மடிப்பில் செய்யலாம் என்று தோன்றியது. நீ பள்ளிக்கூட நாளில் செய்வாயே, இழுத்தால் நீளும், விட்டால் கைக்குள் அடங்கும். புதுவாயல் போய் அட்டை வாங்கி வந்தேன். கோடு கிழித்து மடித்தால் மடிப்பு எல்லாம் வெடித்து வெள்ளை நார் தெரிந்தது. காகிதத்தில் நார் ஓடும் திசை உண்டு, அதற்குக் குறுக்கே மடித்தால் வெடிக்கும் என்று நீ சொன்னது அட்டையைக் கெடுத்த பிறகுதான் நினைவு வந்தது. உன் பெட்டியைப் பரணிலிருந்து இறக்க ஈஸ்வரி ஸ்டூலைப் பிடித்துக்கொண்டாள். கட்டிங் மேட், இரும்பு ஸ்கேல், பூ பஞ்ச், காகிதச் சுருள் சுற்றும் ஊசி எல்லாம் அப்படியே இருந்தன. மடிப்பை அழுத்தித் தேய்க்க நீ வரவழைத்த அந்தப் பட்டைக் குச்சி மட்டும் இல்லை. அது நிஜ எலும்பில் செய்தது என்று உறையில் படித்துவிட்டு அப்பா இடுக்கியால் தூக்கிக்கொண்டு போய் வெளியே வைத்தாரே, நீ சிரித்துச் சிரித்து விக்கல் எடுத்தாயே. நான் இப்போது மை தீர்ந்த பேனாவால் கோடு அழுத்தி, கரண்டியின் முதுகால் தேய்க்கிறேன். நன்றாகவே வருகிறது.

பெட்டிக்குப் பின்னால் உன் கல்யாணப் பத்திரிகைக் கட்டுகள் இருந்தன. ஈஸ்வரி ஒன்றை உருவிப் பார்த்தாள். இன்னாக்கா, ஊட்ல இம்மாங்கெட்டி அட்டைய கட்டுக் கட்டா வச்சிக்கினு கடையில போய் டப்பு குடுத்து வாங்கினு வர்ற என்றாள். பிறகு எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, அம்சா யாரு, உன் பொண்ணா, எப்பக்கா கல்யாணம் ஆச்சி என்று கேட்டாள். ஆகலை, நின்னுபோச்சு என்றேன். இத்தனை மாதத்தில் அந்த வார்த்தையை நான் வெளியாள் ஒருவரிடம் சொன்னது அதுதான் முதல் தடவை. அவள் என் முகத்தைப் பார்த்தாள், அட்டையைத் திருப்பிப் பார்த்தாள். ஆவலயா, சர்தான் வுடு, அட்ட நல்லாத்தான் கீது என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது ஹம்ஸா. எத்தனை பேர் வந்து கையைப் பிடித்துக்கொண்டு துக்கம் கேட்டார்கள், அவர்கள் போனதும் நான் இன்னும் சின்னவளாகிப் போவேன். இவள் போனதும் பசித்தது.

அடுத்த நாள் அந்தப் பத்திரிகைகளையே வெட்ட உட்கார்ந்தேன். முன்பக்கத்தில் தங்க நிறத்தில் தாயாரும் பெருமாளும், மேலே திருமண் சங்கு சக்கரம். அதன் மேல் கத்தியை எப்படி வைப்பது? சுற்றி வெட்டி எடுத்து ஸ்வீட் டப்பாவில் சேர்த்தேன். உள்பக்கம் பெரியவர்கள் பெயர், மண்டபம், முகூர்த்த நேரம் எல்லாம் கீற்றுக் கீற்றாகப் போயின. மாப்பிள்ளையாக வரவேண்டிய வைகுந்தின் பெயரை எந்தத் தயக்கமும் இல்லாமல் நடுவில் வெட்டினேன், அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். பட்டை ஒரே நீளமாக வரவேண்டுமானால் உன் பெயர் இருக்கும் வரியிலும் வெட்டத்தான் வேண்டும். ஸ்கேலை அதன் மேல் வைத்து அழுத்திக்கொண்டிருந்தேன். அன்று கம்பெனியில் ஏதோ மெஷின் நின்றுபோய் இரண்டு மணிக்கே ஆட்களை அனுப்பிவிட்டிருக்கிறார்கள். ஜன்னல் சாத்தியிருந்ததால் பஸ் சத்தம் கேட்கவில்லை. நிமிர்ந்தால் அப்பா நிற்கிறார், என்னைச் சுற்றித் தரை முழுக்க உன் கல்யாணம் துண்டு துண்டாகக் கிடக்கிறது.

கத்துவார் என்று நினைத்தேன். கால் அலம்பிவிட்டு வந்து குனிந்து பார்த்தார். அங்க வெட்டாதே, ஹம்ஸா பேரு இருக்கு, உசுரோட இருக்கற கொழந்தை பேர்ல கத்தி படப்படாது என்றார். நான் ஸ்கேலை எடுத்துவிட்டேன். அவர் சொன்னது அவருக்கே கேட்டிருக்க வேண்டும், அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். ஒரு பத்திரிகையைக் கையில் எடுத்துக்கொண்டு மீதி எத்தனை இருக்கு என்று கேட்டார். இருநூற்று அறுபது என்றேன். அப்போ குடுத்தது இருநூத்தி நாப்பது, அத்தனை ஆத்துக்கும் நின்னுபோச்சுன்னு சொல்ல ரெண்டாந்தடவை போனேன் பூமா, மொதல் தடவை காப்பி குடுத்தா, ரெண்டாந்தடவை சில பேர் உக்காருன்னுகூடச் சொல்லலை என்றார். பிறகு சொன்னதுதான் முக்கியம், அவர் வார்த்தையிலேயே எழுதுகிறேன். அவ வேண்டாம்னது தப்பே இல்லை, படிக்கக் கூடாதுன்னு சொல்றவா ஆத்துல அவ எதுக்கு வாழணும், ஆனா பத்திரிகை அடிக்கறதுக்கு முன்னாடி எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் ஒரு படி ஏறியிருக்க வேண்டாமே, அப்பாகிட்ட சொல்லலாம்னு அவளுக்குத் தோணலை பாரு, அதான் என்றார்.

ஹம்ஸா, அச்சகத்திலிருந்து பத்திரிகையின் ப்ரூஃப் வந்த அன்று நீ அடுக்களையில் என் பின்னால் வந்து நின்றாய். அம்மா, அவா படிக்கப் போகக் கூடாதுங்கறா, எனக்கு இது வேண்டாம்மா என்றாய். நான் திரும்பிக்கூடப் பார்க்காமல், எல்லாம் அப்புறம் சரியாப் போயிடும், அப்பா காதுல போட்டு வைக்காதே என்றேன். மறுநாள் ப்ரூஃபில் எழுத்துப்பிழை பார்த்து, சரி என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது நான். முகூர்த்தத்துக்குப் பத்தொன்பது நாள் இருக்கும்போது நீயே போய் அவரிடம் சொன்னாய். ஏன் முன்னாடியே சொல்லலை என்று அவர் கேட்டபோது நீ என்னை ஒரு தடவை பார்த்தாய், பிறகு தலையைக் குனிந்துகொண்டாய். நான் வாயைத் திறக்கவில்லை. அன்றும் இல்லை, அவர் உன்னை ஏர்போர்ட்டுக்கு வழியனுப்ப வராத அன்றும் இல்லை. அவர் கோபம் உன் மேல் இருந்தவரை சாப்பாட்டில் உப்பு சரியா என்று கேட்டால் எனக்குப் பதில் சொல்ல ஓர் ஆள் இருந்தார். அதற்காகத்தான் வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்று இப்போது புரிகிறது.

சொன்னா, எங்கிட்ட சொன்னா என்றேன். எப்போ என்றார். ப்ரூஃப் வந்த அன்னிக்கு என்றேன். கையில் இருந்த அட்டையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து பால்கனிக்குப் போனார். கதவைத் திறந்தே விட்டுவிட்டார், வெட்டி வைத்திருந்த வெள்ளைப் பட்டைகள் எல்லாம் தூசி படிந்துவிட்டன. அது நடந்து ஆறு நாள் ஆகிறது. என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. சாப்பிடுகிறார், டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு போகிறார், வந்து கழுவி வைக்கிறார். இரண்டு அறைகள் உள்ள வீட்டில் இத்தனை இடம் இருக்கிறது என்று எனக்கு இதுவரை தெரியாது. ஈஸ்வரிக்கு அட்டையை வேறு பட்டைகளில் செய்து கொடுத்துவிட்டேன். அந்தப் பொண்ணுக்குத் தமிளு படிக்கத் தெரியாதுக்கா, ஒவ்வொரு பேரா தடவித் தடவிப் பாத்து யாரு யாருன்னு கேட்டுக்கினே இருந்துச்சி, பஸ்ஸு ஏறச்சொல்லோ கையிலயே வச்சிக்கினு ஏறிச்சி என்று வந்து சொன்னாள். எனக்கு அதைக் கேட்டு அழுகை வந்தது, ஏன் என்று அவளுக்குத் தெரியவில்லை, தும்மல் என்று சொல்லிச் சமாளித்தேன்.

இப்போது நீ கேட்டதற்கு வருகிறேன். அப்பா வரச் சொன்னாரா என்றால், சொல்லவில்லை. மனசு இளகிவிட்டார் என்று எழுத ஆசையாக இருக்கிறது, எழுதினால் இதுவும் ஞாயிற்றுக்கிழமைப் பேச்சாகிவிடும். உன் மேல் அவருக்கு இருந்த மனக்குறை போக வேண்டிய இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது, அது மட்டும்தான் எனக்கு நிச்சயமாகத் தெரியும். பிப்ரவரிக்குள் என்னோடு பேசுவாரா என்றே சொல்ல முடியவில்லை, உன்னோடு எப்படிப் பேசுவார் என்று எதை வைத்துச் சொல்வேன். ஆனால் இத்தனை நாளும் அப்பா கூப்பிடட்டும், அப்பா கூப்பிடட்டும் என்றே உன்னிடம் சொல்லி வந்திருக்கிறேன். நான் கூப்பிடலாம் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. நான் கூப்பிடுகிறேன் ஹம்ஸா, வா. எனக்காக வா. உன்னைப் பார்க்காமல் எனக்கு இந்த வீடு தாங்கவில்லை. ஏர்போர்ட்டுக்கு அவர் வராவிட்டாலும் நான் வந்து நிற்பேன். அவர் பேசாவிட்டால், இந்த வீட்டில் பேசாதவர் ஒருவர், பேசுகிறவர்கள் இரண்டு பேர் என்று இருக்கும்.

ராத்திரி தலையை ஈரத்தோடு விட்டுவிட்டுத் தூங்காதே. மோர் சாதத்துக்கென்று போன பார்சலில் மஞ்சள் பையில் வைத்த வேப்பிலைக்கட்டியைப் பூஞ்சை பிடிக்குமுன் தீர்த்துவிடு. நீ நினைத்த படிப்பு நினைத்தபடி முடியவும், போகிற இடத்தில் நீ சொல்வதைக் கேட்க நல்ல மனிதர்கள் அமையவும் திருவள்ளூர்ப் பெருமாளை வேண்டிக்கொள்கிறேன். ஒன்றே ஒன்று சொல்கிறேன், மறக்காதே. அப்பாவுக்குத் தனியாக நாலு வரி எழுது. உனக்குத் தோன்றுவதை எல்லாம் எழுது. அம்மா மேல் தப்பில்லை என்று மட்டும் எழுதாதே.

உன் அம்மா
பூமா